சுட்டியின் கழுத்தில் ஒரு தகரம்

சொர்ணவல்லி தன் ஆத்தாவிடம் அடி வாங்கியது பதினோரு வயதில் ஒரே ஒரு முறைதான். அதுவும் ஓர் ஆட்டுக்குட்டியால்.

குட்டியின் பெயர் சுட்டி. நெற்றியில் வெள்ளைத் திட்டு இருந்ததால் அந்தப் பெயர். எந்த மந்தையைக் கண்டாலும் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல அதோடு சேர்ந்து போய்விடும். பொழுது சாய்ந்தால் அதைத் தேடி அலைவதே சொர்ணத்துக்கு வேலை.

கழுத்தில் ஏதாவது அடையாளம் கட்டிவிட்டால் தொல்லை தீரும் என்று அவள் யோசித்தாள். வீட்டின் மூலையில் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய கயிறோ மணியோ கிடைக்குமா என்று ஒவ்வொன்றாக இறக்கித் துழாவினாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பானையில் ஒரு கந்தல் முடிச்சு கிடந்தது. பிரித்தால், உள்ளே வட்டமாக ஒரு தகரம்.

ஓரங்களில் துரு ஏறியிருந்தது. நடுவில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி ஓர் இங்கிலீஷ் எழுத்தும் சில எண்களும் போட்டிருந்தார்கள். கயிறு கோக்க மேலே தனியாக ஒரு துளையும் இருந்தது. ஆட்டுக்குட்டிக்கென்றே செய்ததுபோல இருக்கிறதே என்று சொர்ணத்துக்குச் சந்தோஷம்.

சிவப்பு நூலில் கோத்துக் கட்டிவிட்டாள். சுட்டி கழுத்தை ஆட்டி ஆட்டி வாசலில் நடை பழகியது. புது நகை போட்டால் ஆட்டுக்கும் மவுசு வந்துவிடும்போல.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆத்தா இருளாயி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கினாள். குட்டியைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

"இத யாரு எடுக்கச் சொன்னா?"

"சுட்டி காணாமப் போகுதுல்ல ஆத்தா, அதான். வெறும் தகரந்தானே…"

அவ்வளவுதான். கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது.

இருளாயி குனிந்து நூலை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். தகரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

சொர்ணம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி வலித்தது என்னவோ உண்மைதான். ஆனால் உள்ளே ஆத்தா அழும் சத்தம் கேட்டபோது அதைவிட அதிகமாக வலித்தது.

*

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில், பாறையும் முள்ளுமாகக் கிடந்த சின்ன ஊர் அவர்களுடையது. மூன்று வருடமாக வானம் கைவிட்டுவிட்டது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உழவு மாடு இரண்டில் ஒன்று செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மற்றதையும் விற்றாயிற்று.

சொர்ணத்தின் அப்பா ராக்கன் நல்ல உழைப்பாளி. உழைக்க வேலை இல்லாததுதான் அவருக்கு வியாதி. தினமும் காலையில் வயலுக்குப் போய், வெடிப்புகளைப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

"கண்டிச் சீமைக்குப் போயிருவோம்" என்று அவர் சொல்ல ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கடலுக்கு அப்பால் இலங்கை மலைகளில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களைத்தான் அந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவருக்குக் கங்காணி என்று பெயர். இவர்களுக்கு வாய்த்த கங்காணி நாகராசு, இருளாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வெள்ளைக் கோட்டும் கறுப்புக் குடையுமாக ஊருக்குள் வந்தாரென்றால் அவர் பின்னால் பிள்ளைகள் பட்டாளமாகப் போகும். கோட்டுப் பையில் மிட்டாய் இருக்கும்.

ராக்கன் அவசரப்பட்டு முடிவு எடுக்கிறவர் இல்லை. சீமைக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டார்.

"அங்கிட்டு நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஒருவர்.

"நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள் ஒரு பெண்.

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சீமையிலிருந்து திரும்புகிறவர்கள் நேராக ஊருக்குள் வந்துவிட மாட்டார்கள். கண்மாய்க் கரையில் நின்று, கைகால் கழுவி, பத்திரமாக மடித்துக் கொண்டுவந்த ஒரே ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கிழிசலோடு வந்தால் நாலுபேர் என்ன நினைப்பார்கள்? வாயில் வரும் வார்த்தையும் அந்தச் சட்டை மாதிரிதான்.

இருளாயியே ஏழு வயதில் அங்கே போய், பதினாலு வயதில் திரும்பி வந்தவள்தான். கல்யாணமான புதிதில் ராக்கன் அவளிடமும் கேட்டிருந்தார். அவளும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

"ஒங்க ஆத்தாளே நல்லாருக்குன்னுதானே சொன்னா? வார ஞாயித்துக்கெழம நாகராசு மச்சான் வாராரு. நம்ம மூணு பேரு பேரையும் எழுதிருவோம்" என்றார் ராக்கன், அடி விழுந்த அன்று இரவு.

"அப்ப என் பள்ளிக்கூடம்?" என்று கேட்டாள் சொர்ணம்.

அவர் வேறு பக்கம் பார்த்தார். "ஒன் வயசுப் பிள்ளைக அங்கிட்டு கொழுந்து பறிக்கலாமாம்."

சொர்ணம் ஆத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். இருளாயி அடுப்பில் இல்லாத தீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் வியாழக்கிழமை. மிஷன் பள்ளிக்கூடத்தில் அன்றுதான் கதைப் புத்தகம் கொடுப்பார்கள். சுட்டியைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டுச் சொர்ணம் மூச்சிரைக்க ஓடி வந்தபோது நல்ல புத்தகமெல்லாம் போய்விட்டது. நரிக் கதையைக் கூடப் படிக்கும் ஆவுடையப்பன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"இது ஒண்ணுதான் மிச்சம்" என்று ஞானமணி டீச்சர் ஒரு புத்தகத்தை நீட்டினார். அதற்கு அட்டை இல்லை. முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. "படிச்சுட்டு, ஒனக்கு என்ன தோணுச்சுன்னு திங்கக்கெழம எழுதிட்டு வரணும்."

"என்ன கதைங்க டீச்சர் இது?"

"கதை இல்ல. அடிமையா இருந்த ஒருத்தர் தப்பிச்சு வந்து தானே எழுதினது. கொஞ்சம் அழுகை வரும், பரவால்லையா?"

அழுகையா? வீட்டில் இருப்பது போதாதா என்று சொர்ணத்துக்குத் தோன்றியது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

பாறை நிழலில் ஆடுகளை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். எழுதியவரின் பெயர் ஏபெல். கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் அவரைச் சந்தையில் நிறுத்தி விற்றுவிட்டார்கள். வாங்கியவன் வண்டியில் ஏற்றினான். அவருடைய அம்மா வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். பாலம் வரைக்கும் ஓடி வந்தாள். அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

சொர்ணம் புத்தகத்தை மூடிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தாள். இந்த முறை மூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆவுடையப்பனிடம் கேட்டாள். "ஏண்டா, ஒன்னைய யாராச்சும் வெலைக்கு வாங்கிட்டுப் போனா என்ன பண்ணுவ?"

அவன் யோசித்துப் பார்த்தான். "நாலே நாள்ல திருப்பிக் கொண்டாந்து விட்டுருவாங்க. நான் திங்கிற சோத்துக்கு எந்த மொதலாளிக்கும் கட்டுப்படியாகாது."

சொர்ணம் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை படித்த பக்கங்களில் இரண்டு இடங்கள் அவளைப் பிடித்து நிறுத்தின.

ஒன்று இது. அந்தத் தோட்டத்துக்கு விருந்தாளிகள் வருவார்களாம். வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, "இங்கே நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்பார்களாம். "நன்றாக இருக்கிறோம் ஐயா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்களாம். ஒரு நாள் விருந்தாளியோடு வந்த சின்னப் பெண் ஒருத்தி ஏபெலிடம், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டாள். 'அதற்கு என்ன பொய் சொல்வதென்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை' என்று எழுதியிருந்தார் அவர்.

இன்னொன்று, அவர் கழுத்தில் மாட்டிய செம்புத் தகடு. வட்டமானது. மேலே கயிறு கோக்க ஒரு துளை. நடுவில் எண். பெயர் கிடையாது.

சொர்ணம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். எதிரே சுட்டி ஒரு முள்செடியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மனிதக் கழுத்தில் தொங்கியதைத்தான் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டினாளா அவள்? வெறும் தகரம் என்று வேறு சொன்னாளே! இன்னும் நாலு அறை கொடுத்திருந்தாலும் தகும் என்று நினைத்தாள்.

கடைசிப் பக்கங்களையும் அங்கேயே படித்து முடித்தாள். வைக்கோல் ஏற்றிய படகில் ஒளிந்து ஏபெல் தப்பிவிடுகிறார். அடிமைகளே இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்கிறார். தோட்டத்தில் இருந்தவரைக்கும் விடியுமுன் ஒரு மணி அடித்துத்தான் அவரை எழுப்புவார்கள். புது ஊரில் முதல் விடியலைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்:

'அன்று காலை என்னை யாரும் எழுப்பவில்லை. எழுந்திருப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. படுத்தபடியே அழுதேன்.'

சொர்ணத்துக்கு உடனே ஆத்தாவின் ஞாபகம் வந்தது. இருளாயி தூங்கி யாரும் பார்த்ததில்லை. சேவலுக்கு முன்னால் எழுந்துவிடுவாள். அதுவும் சாதாரணமாக எழமாட்டாள். யாரோ காதில் கத்தியதுபோல விருட்டென்று எழுந்து உட்காருவாள். திருவிழாவில் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். "ஒங்க ஆத்தாளுக்குச் சாமியும் பிடிக்காது, மேளமும் பிடிக்காது" என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

ஆத்தாவிடம் கேட்டுவிடலாமா? கன்னம் ஞாபகத்துக்கு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகராசு கங்காணி வந்துவிட்டார். வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு ராக்கன் அவரை உட்கார வைத்தார். சொர்ணத்தின் உள்ளங்கை நிறைய மிட்டாய் விழுந்தது. அவளுக்கு ஒன்றைக்கூட வாயில் போடத் தோன்றவில்லை.

"மாப்ள, அங்கிட்டு வந்து பாருங்க. மலையெல்லாம் பச்சப் பசேல்னு இருக்கும். நம்ம ஊரு மாதிரி தண்ணிக்கு அலைய வேணாம். எங்கிட்டுப் பாத்தாலும் ஓடும்" என்றார் நாகராசு.

அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. தண்ணீர் ஓடுவதும் மலை பச்சையாக இருப்பதும் உண்மைதான். அவருக்கு அங்கே எல்லாமே நல்லபடியாகத்தான் இருந்தது.

நோட்டைத் திறந்தார். பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார். "ராக்கன், ஒண்ணு. இருளாயி, ரெண்டு. சொர்ணவல்லி, மூணு." ஒவ்வொரு பெயரும் எழுதப்பட்டபோது சொர்ணம் கையிலிருந்த மிட்டாயை இறுக்கினாள். வெள்ளிக்கிழமை ரயிலாம். முகாமில் ஒரு வாரம். பிறகு கப்பல்.

"கடைசியா ஒரு தடவ கேட்டுக்கிறேன் மச்சான், நல்லா இருக்கும்ல?" என்றார் ராக்கன். பாவம், அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

"நல்லா இருக்கும் மாப்ள. வேணும்னா தங்கச்சியவே கேளுங்க."

ராக்கன் திரும்பினார். "என்ன சொல்ற இருளாயி?"

இருளாயி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை முடிச்சைக் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். குரலில் உயிரே இல்லை.

புத்தகத்தில் வரிசையாக நிறுத்திக் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும் சொர்ணத்தின் மனதுக்குள் ஓடின. இதே கேள்விதான். இதே பதில்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

"கேளு தாயி."

"அங்கிட்டு காலையில ஒங்கள யாரு எழுப்புவா?"

நாகராசு குடை குலுங்கச் சிரித்தார். "என்னைய யாரு எழுப்புறது? நான்ல எல்லாரையும் எழுப்புவேன்! நாலரை மணிக்குத் தப்பு அடிக்கச் சொல்லுவேன். அந்தச் சத்தத்துக்கும் எந்திரிக்கலேன்னு வையி, கதவுல ஒரு ஒதை விட்டேன்னா…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

சொர்ணம் மெல்லத் திரும்பி ஆத்தாவைப் பார்த்தாள். அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"ஆத்தா, ஒன்னைய யாரு எழுப்புனா?"

இருளாயி வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இல்லை.

"தப்பு" என்றாள் கடைசியில். "தப்புச் சத்தம். கும்மிருட்டா இருக்கும். எல்லாரும் ஓடிப் போயி வரிசையில நிக்கணும். அதுக்குப் பேரு பெரட்டு."

"ஓடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவ?"

"சாப்பாடா? சாயத் தண்ணி. ராத்திரி ரொட்டி மிச்சம் இருந்தா அது. நான் பாதி, தம்பி பாதி."

ராக்கன் நிமிர்ந்து பார்த்தார். "தம்பியா? ஒனக்கு ஏது தம்பி?"

இருளாயி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தகரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சொர்ணம் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள்.

"மூக்கன்னு பேரு. அஞ்சு வயசு. முகாம்ல வரிசையா நிக்க வச்சு எல்லாரு கழுத்துலயும் இதக் கட்டி விட்டாங்க. எந்தத் தோட்டம், எத்தனாவது ஆளுன்னு இதுலதான் இருக்கும். அவன் இத நகைன்னு நெனச்சுக்கிட்டான். கப்பல்ல எல்லாருகிட்டயும் காட்டிக்கிட்டே வந்தான்."

சுட்டி தகரத்தோடு நடை பழகியது சொர்ணத்தின் கண்முன் வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்க குளிரு ஒத்துக்கல அவனுக்கு. காய்ச்ச. எங்க ஆத்தா அன்னிக்கி ஒரு நாள் வேலைக்கு வரலேன்னு கேட்டாக. விடல. கெளம்பு கெளம்புன்னு வெரட்டுனாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன். அக்கா, தண்ணின்னு கேட்டான். ஓடிப் போயி மோந்துட்டு வந்தேன்."

உள்ளங்கையில் இருந்த தகரத்தைத் திருப்பி வைத்தாள்.

"கொண்டாந்தேன். அவன் குடிக்கல."

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போனது. நாகராசு பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார்.

"எங்கப்பா ஊருக்குப் போயிருவோம்னு தொரைகிட்டப் போயி நின்னாரு. போறதுன்னா துண்டுன்னு ஒரு சீட்டு குடுக்கணும். அது இல்லாம தோட்டத்துக் கேட்டத் தாண்ட முடியாது. குடுக்க மாட்டேன்னுட்டாங்க. நாங்க போயி ஏழு வருசம் கழிச்சு அந்தத் துண்ட எடுத்துட்டாங்க, போறவுக போலாம்னு சொன்னாங்க. அப்ப எங்க வீட்டுல போறதுக்கு நான் மட்டுந்தான் மிச்சம்."

"இந்தத் தகரம்?" என்று கேட்டாள் சொர்ணம்.

"திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. என்னோடதக் குடுத்துட்டேன். இது தொலஞ்சு போச்சுன்னு பொய் சொன்னேன். அதுக்கு அடி வாங்கினேன். வாங்கினா வாங்கிட்டுப் போறேன். அவன் இருந்தான்றதுக்கு வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

ராக்கனின் கண்கள் சிவந்திருந்தன. "இத்தன வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீ?"

"நல்லா இருந்துச்சான்னு கேட்டீங்க. நல்லா இருந்துச்சுன்னேன்" என்றாள் இருளாயி. "வேற எதாச்சும் கேட்டீங்களா?"

ராக்கன் மட்டுமா, அந்த ஊரே அந்த ஒரு கேள்வியைத்தானே கேட்டது!

நாகராசு தொண்டையைச் செருமினார். "இப்ப அதெல்லாம் இல்ல தங்கச்சி. துண்டு கெடையாது. தகரம் கெடையாது. சட்டமே மாறிப்போச்சு."

"தப்பு அடிக்கிறது மாறிருச்சாண்ணே?"

அவர் குடைப்பிடியைப் பார்த்தார். "அது… அது இருக்கு."

ராக்கன் எழுந்தார். "மச்சான், நோட்டுல அந்த மூணு பேரையும் அடிச்சிருங்க."

"மாப்ள, மழ தண்ணி இல்லாத ஊருல என்ன பண்ணுவீங்க?"

"தெரியல. கல்லு ஒடைக்கிற எடத்துல ஆள் கேட்டாங்க. போயிப் பாக்குறேன். கை காப்புக் காய்க்கும். காய்க்கட்டும்."

நாகராசு கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து மூன்று பெயர்களின்மேலும் கோடு இழுத்தார். குடையை விரித்துக்கொண்டு பத்தடி போனவர் நின்று திரும்பினார்.

"மூக்கன எனக்கு ஞாபகம் இருக்கு தங்கச்சி. நீங்க கெளம்புன அன்னிக்கி ஒங்க ஆத்தா முந்தானையப் பிடிச்சுக்கிட்டே போனான். ரெட்டச் சுழி அவனுக்கு."

"ஆமாண்ணே" என்றாள் இருளாயி. "ரெட்டச் சுழி."

அவர் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இருளாயி அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளாமல், இத்தனை வருடத்துக்கும் சேர்த்து, சத்தமாக அழுதாள். சொர்ணம் அவளைக் கட்டிக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை.

அன்று பொழுது சாயும்வரை ஆத்தா தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அவன் தவளையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தது, தேயிலைச் செடியைக் கீரை என்று நினைத்துத் தின்றது, எல்லாம் வெளியே வந்தது. ஒரு முறை சிரிக்கக்கூடச் செய்தாள்.

*

திங்கட்கிழமை விடிந்தது. வானத்தில் அன்றும் மேகம் இல்லை.

சொர்ணம் கண் விழித்தபோது வெளிச்சம் கூரை ஓட்டை வழியாக உள்ளே வந்திருந்தது. ஏதோ சரியில்லையே என்று பட்டது. அடுப்புச் சத்தம் இல்லை. பெருக்கும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்துப் பாயில் இருளாயி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை பாய்க்கு வெளியே கிடந்தது.

சொர்ணம் பயந்துபோய் அப்பாவைத் தேடினாள். அவர் வாசலில் சுட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குட்டி கத்தாமல் இருக்க அதன் வாயை ஒரு கையால் பொத்தியிருந்தார். மறு கையில் தண்ணீர்க் குடம். பிறந்ததிலிருந்து அப்பா குடம் தூக்கி அவள் பார்த்ததில்லை.

"ஆத்தா இன்னும் எந்திரிக்கலப்பா."

"தெரியும். சத்தம் போடாத." ஆட்டை அவளிடம் தள்ளினார். "இத அங்கிட்டு இழுத்துட்டுப் போ. தண்ணி எடுத்து வச்சுட்டுத்தான் நான் கல்லு ஒடைக்கப் போறேன்."

சுட்டியைத் தூரத்து மரத்தில் கட்டிவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் நோட்டை விரித்தாள். டீச்சருக்கு எழுத வேண்டியது பாக்கி இருந்தது. பேனாவை மையில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வரியாக எழுதினாள்.

'ஏபெல் என்பவரைச் சந்தையில் விற்றார்கள். என் ஆத்தாவை யாரும் விற்கவில்லை. அதனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேர் கழுத்திலும் எண் இருந்தது. இரண்டு பேரும் போக வேண்டும் என்று நினைத்தபோது போக முடியவில்லை. அவர் கதையை அவரே எழுதிவிட்டார். என் ஆத்தாவுக்கு எழுதத் தெரியாது. ஆகையால் நான் எழுதுகிறேன். எனக்கு ஒரு மாமா இருந்தார். தகரத்தில் அவர் பெயர் இல்லை. அவர் பெயர் மூக்கன். வயது ஐந்து. தலையில் ரெட்டைச் சுழி.'

அதற்கு மேல் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குடத்தோடு பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் வந்தாள்.

"ஏடி இருளாயி! வெயில் ஏறிருச்சு, தண்ணிக்கு வரலையா?" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

சொர்ணம் நோட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள். ஆரோக்கியம்மாள் வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கொலுசுகூடச் சத்தம் போடாமல் அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனாள்.

வெயில் மெல்ல நகர்ந்து இருளாயியின் கால்வரைக்கும் வந்தது. அன்று காலை அவளை யாரும் எழுப்பவில்லை.